முதலாளிக்குச் சட்டை கிடையாது

பெயிண்ட் கடைக் குடும்பத்தை ஒரு வாரம் தனியாக விட்டுவிட்டோம். விட்டிருக்கக் கூடாது. அதற்குள் சட்டை தைத்துவிட்டார்கள்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா கண்ணை மூடும்போது, "கடையை நல்லாப் பார்த்துக்கங்க" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதில்தான் சிக்கல். கட்டிலுக்கு இந்தப் பக்கம் பெரிய மகன், அந்தப் பக்கம் சின்ன மகன், கால்மாட்டில் பெரிய மருமகள். அப்பா பார்த்ததோ மின்விசிறியை. அன்று முதல் அண்ணன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டார், தம்பி கடையைப் பார்த்துக்கொண்டார், அண்ணி கணக்கைப் பார்த்துக்கொண்டார். மின்விசிறியை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அது இன்னும் கிரீச்சிடுகிறது.

தம்பியின் மனைவிக்கு ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. வலியை ஒத்திப்போட்டால் என்ன ஆகும் என்று தினமும் பார்ப்பவர். நேற்று அவர் கெடு வைத்துவிட்டார்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க அண்ணன்கிட்ட கேட்டுருங்க. அந்தக் கடையில நீங்க பங்குதாரரா, வேலையாளா? எதுவா இருந்தாலும் சரி, எதுன்னு தெரிஞ்சாகணும். இல்லன்னா எங்கண்ணன் டைல்ஸ் கடைக்கு மேனேஜரா போயிருங்க. அவரும் எத்தனை நாள் அந்த நாற்காலியைக் காலியா வச்சிருப்பார்?"

தம்பி தலையாட்டினார். அவர் கேட்டுவிடுவார் என்று மனைவியும் நம்பவில்லை, தலையும் நம்பவில்லை.

இனி சட்டைக்கு வருவோம்.

இந்தக் கடை ஒரு பெரிய பெயிண்ட் கம்பெனியின் டீலர். கடை எடுக்கும் ஒவ்வொரு டப்பாவுக்கும் கம்பெனி ஒரு சிறு தொகையைக் கடையின் பெயரில் ஒதுக்கி வைக்கும். கூட்டு விளம்பர நிதி என்று அதற்குப் பெயர். கடையும் கம்பெனியும் சேர்ந்து விளம்பரம் செய்துகொள்ளலாம். பலகை வைக்கலாம், நோட்டீஸ் அடிக்கலாம், கடை ஆட்களுக்கு இரண்டு பேருடைய சின்னத்தையும் போட்டுச் சட்டை தைக்கலாம். செலவைக் கடை முதலில் செய்யவேண்டும். கம்பெனி அலுவலர் வந்து பார்த்து, படம் எடுத்து, திருப்திப்பட்டால் பணம் திரும்பி வரும். இந்த மாதத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால் நிதி கம்பெனிக்கே போய்விடும்.

கம்பெனிக்கே போய்விடும் என்று கேள்விப்பட்ட அன்றே அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. சொந்தப் பணம் போனாலும் தாங்கிக்கொள்கிற மனிதர். ஓசி கைநழுவிப் போவதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

"கடையில ஆட்கள் எத்தனை பேர்னு கேட்கறாங்கண்ணா" என்று தம்பி விண்ணப்பத்தோடு வந்தபோது, "ஒரு டஜன்னு போடு" என்றார் அண்ணன்.

"கலர் கலக்கற மெஷின்காரரும் வண்டிக்காரரும்தானேண்ணா இருக்காங்க?"

"நான் இருக்கேன், நீ இருக்க. நம்ம நடைச்சங்கத்து ஆளுங்க இருக்காங்க. தினம் காலையில நம்ம கடை வழியாத்தானே நடக்கறாங்க? நடக்கற விளம்பரம்டா அது."

சட்டைப் பைக்கு மேலே யாருக்கு என்ன பதவி தைப்பது என்பதைத் தையல்காரரிடம் அண்ணனே போனில் சொன்னார். நாற்காலியோடு சேர்ந்து வரும் அதிகாரங்களில் அதுவும் ஒன்று.

---

இன்று காலை பார்சல் வந்தது. கம்பெனியின் ஷேட் கார்டில் அந்த நிறத்துக்கு 'மாலைப் பொன்' என்று பெயர். வெயிலில் பிடித்துப் பார்த்தால் மஞ்சள் காமாலை.

அண்ணன் தன் சட்டையை முதலில் எடுத்து உதறினார். பைக்கு மேலே தடித்த நூலில் 'எம்.டி.' என்று இருந்தது. போட்டுக்கொண்டு கலர் மெஷினின் எவர்சில்வர் பக்கத்தில் தன்னைப் பார்த்துக்கொண்டார். அதில் எல்லோரும் கொஞ்சம் குண்டாகத்தான் தெரிவார்கள். அதைப் பதவியின் மகிமை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வண்டிக்காரர் தன் சட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "லாஜிஸ்டிக்ஸ். அப்படின்னா என்னங்க?"

"வண்டி ஓட்டறதுதான்" என்றார் அண்ணன்.

"அதுக்கு ஏன் இவ்வளவு நீளம்?"

"மரியாதை நீளமாத்தான்யா இருக்கும்."

தம்பியின் சட்டையில் 'சேல்ஸ்' என்று ஒரே ஒரு சொல். அவர் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். உரிந்துவிடுமோ என்று பார்த்தது போல இருந்தது. உரியவில்லை. நல்ல தையல்.

இதைவிடப் பொருத்தமான நேரம் வராது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணா, இதுல சேல்ஸ்னு போட்டிருக்கு."

"ஆமா. எழுத்து நல்லா விழுந்திருக்குல்ல?"

"இல்ல... அப்ப நான் சேல்ஸா?"

"பின்ன இத்தனை வருஷமா யாரு வித்தது? நானா?"

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. தன்னை உயர்த்திப் பேசினாரா, இறக்கிப் பேசினாரா? யோசித்து முடிப்பதற்குள் அண்ணன் வாசலுக்குப் போயிருந்தார். பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. மனைவி. 'கேட்டாச்சா?' 'கேட்டுட்டே இருக்கேன்' என்று பதில் அனுப்பினார் தம்பி. அது பொய்யும் இல்லை.

பில் மேசையிலிருந்து அண்ணி எழுந்து வந்தார். பார்சல் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். வெறும் பாலிதீன் உறைதான் கையில் வந்தது. அதை நாலாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்து, சுவரில் பூசும் புட்டி மூட்டைக்குப் பில் போட்டார்.

எம்.டி. கவனிக்கவில்லை. சேல்ஸும் கவனிக்கவில்லை.

---

அலுவலர் வருவதற்குள் நடைச்சங்கம் வந்து சேர்ந்தது. மஞ்சள் சட்டைகளில், மூச்சு வாங்க, கடை முழுவதும். சங்கத் தலைவர் ஒரு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பைக்கு மேலே 'ஆலோசகர்' என்று இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து ஆலோசனை சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

கிடைத்தார் ஒருவர். பெயிண்டர். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூள், கையில் காலி டப்பா, அவசரம்.

"சார், சுவர் ஓதம் அடிக்குது. எந்த பிரைமர் அடிச்சா நிக்கும்?"

தலைவர் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுவர் இருக்கட்டும். நீங்க தினம் எவ்வளவு தூரம் நடக்கறீங்க?"

"நானா? ஏணியில ஏறி இறங்கறதுதான் சார்."

"அது நடையில்ல. மூட்டு போயிரும்."

பெயிண்டர் அடுத்த மஞ்சள் சட்டையிடம் போனார். அவர் இன்னொருவரைக் காட்டினார். அந்த இன்னொருவர் பில் மேசையைக் காட்டினார். கடைசியில் அண்ணிதான் எழுந்து, அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்து, "முதல் கோட்டு நல்லாக் காயணும். அவசரப்பட்டு அடுத்ததை அடிச்சா கொப்புளம் வரும்" என்று சொல்லி அனுப்பினார்.

"கடையில இவ்வளவு ஆளு இருந்தும் நீங்கதான் எந்திரிக்க வேண்டியிருக்கு" என்றார் பெயிண்டர்.

"ஆளு நிறைய இருந்தா அப்படித்தான்" என்றார் அண்ணி.

---

கம்பெனி அலுவலர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பலகைக் கணினி, இன்னொரு கையில் சின்ன அளவுகோல். சிரிப்பதற்கும் கம்பெனி அனுமதி வாங்க வேண்டியவர் போன்ற முகம்.

முதலில் அண்ணனின் நெஞ்சில் அளவுகோலை வைத்தார். கம்பெனி சின்னம் கடைப் பெயரைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்பது விதி.

"மூச்சை இழுக்காதீங்க சார். சின்னம் விரியுது."

அண்ணன் மூச்சை விட்டார். சின்னம் சுருங்கியது. எப்படியோ விதிக்குள் அடங்கியது. அலுவலர் கணினியில் ஒரு டிக் போட்டார். பிறகு பைக்கு மேலே படித்தார்.

"எம்.டி.?"

"ஆமாம் சார்." அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப உங்களுக்கு இது செல்லாதே சார். இந்த நிதியில கடை ஊழியர்களுக்குத்தான் சட்டை. முதலாளிக்குச் சட்டை கிடையாது. விண்ணப்பத்துல முதல் பக்கத்துலயே இருக்குமே."

அண்ணன் முதல் பக்கத்தைப் படித்ததில்லை. எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடும் பக்கத்துக்கு நேரே போவதுதான் அவர் வழக்கம்.

"ஊழியர் இல்லாத ஒருத்தருக்குக் குடுத்திருந்தாலும் மொத்தமும் ரத்தாயிடும் சார். அடுத்த வருஷத்து நிதியும் சேர்ந்து நிக்கும். படம் எடுக்கறதுக்கு முன்னாடியே நீங்களாச் சொல்லிட்டா மட்டும் அந்த ஒரு சட்டையைக் கழிச்சுக்கலாம்."

நடைச்சங்கத்தில் ஒருவர் மெதுவாக வாசலைப் பார்த்து நகர்ந்தார். தலைவர் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினார்.

அண்ணன் மனத்தில் தராசு ஆடியது. இந்தத் தட்டில் பதவி, அந்தத் தட்டில் ஓசி. நீண்ட ஆட்டம் இல்லை.

"நான் முதலாளின்னு யாரு சார் சொன்னா? எம்.டி.ன்னா சம்பளம் வாங்கற ஆளுதானே? பெரிய பெரிய கம்பெனில எல்லாம் அப்படித்தானே."

அலுவலர் யோசித்தார். "அது உண்மைதான். எங்க எம்.டி.யும் சம்பளந்தான்."

"பார்த்தீங்களா. நானும் இங்க ஊழியன்தான்."

"இவர்?" அளவுகோல் தம்பியைக் காட்டியது.

"அவன் சேல்ஸ். சட்டையிலயே இருக்கே." அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

தம்பியின் காதில் அது விழுந்தது. இத்தனை வருடம் கேட்கத் துணியாத கேள்விக்குக் கேட்காமலே பதில் வந்துவிட்டது. அதுவும் ஒரு அளவுகோலைப் பார்த்து. மனைவிக்கு என்ன எழுதுவது? 'வேலையாள்தான்' என்றா? அண்ணனே தன்னையும் வேலையாள் என்றுதானே சொல்லிக்கொண்டார்? இருவருமே வேலையாட்கள் என்றால் இது பதிலா, இல்லையா?

"நீங்க?" அலுவலர் சங்கத் தலைவரிடம் போய்விட்டார்.

"ஆலோசகர்."

"என்ன ஆலோசனை?"

"பொதுவா."

அலுவலர் அதையும் டிக் செய்தார். அவருடைய கம்பெனியிலும் அப்படிப் பலர் இருந்திருக்க வேண்டும்.

மஞ்சள் வரிசை முடிந்தது. அவர் தலையை நிமிர்த்திக் கடையைச் சுற்றிலும் பார்த்தார். "எல்லாரும் ஊழியர்னா, முதலாளி யாரு?"

மின்விசிறி மட்டும் ஏதோ சொல்ல முயன்றது.

அலுவலரின் கண்கள் மஞ்சளை எல்லாம் தாண்டிப் பில் மேசையில் போய் நின்றன. வெளிர்நீல உடையில் ஒரு பெண், எதிரே கல்லாப்பெட்டி, பக்கத்தில் பில் மெஷின், விரலிடுக்கில் பேனா. அந்தக் கடையிலேயே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள்.

"வணக்கம் மேடம். நீங்கதானா?"

அண்ணி நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். அண்ணன் அலுவலரைப் பார்த்தார், மஞ்சள் வரிசையைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். அப்புறம் வாயாலேயே சொன்னார்.

"ஆமாம் சார். அவங்கதான் முதலாளி. நாங்க எல்லாம் அவங்க கீழதான்."

வண்டிக்காரர் இருமினார். மெஷின்காரர் மெஷினுக்குப் பின்னால் போய் நின்று இருமினார்.

"சந்தோஷம் மேடம். டீலர் விவரத்துல முதலாளி பேர் ரொம்ப நாளா காலியாவே இருக்கு. இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா இனிமே எல்லாம் உங்க பேர்லயே வரும். டீலர் கூட்டத்துக்கும் உங்களைத்தான் கூப்பிடுவோம்."

அண்ணி முதல் பக்கத்திலிருந்து படித்தார். அலுவலர் காத்திருந்தார். அண்ணன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். கடைசிவரை படித்துவிட்டு அண்ணி கையெழுத்துப் போட்டார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக.

"வெளியில கடைப் பலகையோட ஒரு குரூப் படம் வேணும். வெளிச்சம் பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்று அலுவலர் தெருவில் இறங்கினார். நடைச்சங்கமும் பின்னாலேயே நடந்தது. வேறு எதுவும் அதற்குத் தெரியாது.

---

கண்ணாடிக் கதவு மூடியதும் அண்ணன் சிரித்தார். "எப்படிச் சமாளிச்சேன் பார்த்தியா? சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்."

"நான் சும்மா கையெழுத்துப் போடலியே" என்றார் அண்ணி.

"அதை அப்புறம் மாத்திக்கலாம்."

"அப்புறம் எதுக்கு? வாசல்லதான் நிக்கறாரு. கூப்பிட்டுச் சொல்லிருங்க."

அண்ணன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். சங்கத் தலைவர் அலுவலருக்கு முழங்கால் பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கூப்பிடவில்லை.

தம்பி மனத்தில் காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது. அண்ணனுக்காகத் தயாரித்த கேள்வி. அது இப்போது திசை தெரியாமல் வெளியே வந்துவிட்டது.

"அண்ணி, நான் இந்தக் கடையில யாரு?"

"என்னையா கேட்கறீங்க?"

"வேற யாரைக் கேட்கறது?"

"டேய், நான் இங்கதான்டா நிக்கறேன்" என்றார் அண்ணன்.

அண்ணி பேனாவை மூடி வைத்தார். "தம்பி, நீங்க உங்களை யாருன்னு நினைச்சுக்கிட்டு இத்தனை வருஷம் வேலை பார்த்தீங்க?"

தம்பி உண்மையாகவே யோசித்தார். "அப்படி எதுவும் நினைச்சதில்ல அண்ணி. கடையைத் திறக்கணுமேன்னு வருவேன்."

"நானும் அப்படித்தான் வந்தேன்." அவர் காலிப் பார்சல் பெட்டியைக் காட்டினார். "இன்னிக்குச் சட்டை வந்துச்சே. எனக்கு ஒண்ணு இல்லையேன்னு யாருக்காவது தோணுச்சா? ரோட்டுல நடக்கறவங்களுக்கெல்லாம் இருந்துச்சு."

அண்ணன் ஷேட் கார்டு ஒன்றை எடுத்துத் தீவிரமாகப் புரட்ட ஆரம்பித்தார்.

"இவரைச் சொல்லலை. இவர் எப்பவும் இப்படித்தான். நீங்களும் பார்க்கலை தம்பி. உங்க பையில என்ன எழுதியிருக்குன்னுதான் பார்த்தீங்க."

தம்பிக்குக் காது சூடாகியது.

"ஒரு விதத்துல நல்லதுதான். யாராவது ஞாபகமா எனக்கும் ஒண்ணு தைச்சிருந்தா, நானும் மஞ்சளாத்தான் நின்னிருப்பேன். கடைக்கு முதலாளியே இல்லாமப் போயிருக்கும்."

வெளியிலிருந்து குரல் வந்தது. "ஸ்டாஃப் எல்லாரும் வாங்க."

அண்ணன் கார்டைப் போட்டுவிட்டுத் தலையை வாரிக்கொண்டார். தம்பியும் கதவுப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். ஸ்டாஃப் என்றால் போக வேண்டியதுதானே?

"தம்பி, நீங்க போக வேண்டாம். அந்தச் சட்டையைக் கழட்டிருங்க."

"ஏய், ஒரு ஆள் குறைஞ்சா—"

"குறையட்டும்."

அலுவலர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "மேடம், இவர் வரலையா? சேல்ஸ்தானே?"

"தப்பாத் தைச்சுட்டாங்க சார். இவர் ஸ்டாஃப் இல்ல. என்னோட பங்குதாரர். அளவு பார்க்கப் போட்டுப் பார்த்தார். அந்த ஒரு சட்டையை மட்டும் கழிச்சுக்கங்க."

"நீங்களாச் சொன்னதுக்கு நன்றி மேடம்." அலுவலர் கணினியில் ஒரு டிக்கை அழித்தார். அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு மரியாதை எட்டிப் பார்த்தது.

அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். "அப்ப நான்?"

"நீங்க எம்.டி.யாச்சே. போய் நடுவுல நில்லுங்க" என்றார் அண்ணி.

அவர் போனார். வேறு என்ன செய்வது? ஆலோசகருக்கும் லாஜிஸ்டிக்ஸுக்கும் நடுவில் இடித்துப் பிடித்து இடம் வாங்கிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தார். படம் எடுத்து முடிந்த பிறகும் அந்தச் சிரிப்பை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

தம்பி கிடங்கறைக்குப் போய், ஆணியில் தொங்கிய தன் பழைய சட்டையை மாட்டிக்கொண்டார். பங்குதாரர். சொல்லிப் பார்த்தார். சொந்தச் சொல் மாதிரி இல்லை. ஆனாலும் நன்றாக இருந்தது. மனைவிக்கு எழுதலாம் என்று கைப்பேசியை எடுத்தார்.

மனைவி முந்திக்கொண்டிருந்தார்.

'எங்கண்ணன் கூப்பிட்டார். சாயங்காலம் வரைக்கும் எல்லாம் காத்திருக்க முடியாதாம், வேற ஆளுங்க அந்த வேலையைக் கேட்கறாங்களாம். நீங்க எப்படியும் கேட்கமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் உங்க சார்பா நானே சரின்னு சொல்லிட்டேன். முன்பணம்கூட வாங்கியாச்சு. திங்கக்கிழமை சேரணும். அண்ணிகிட்ட மட்டும் நல்லபடியாச் சொல்லிட்டு வாங்க, பாவம், அந்தக் கடையில அவங்க ஒருத்தர்தான் மனுஷி.'

தம்பி அதை மறுபடி படித்தார். எழுத்துகள் மாறவில்லை.

வெளியே வந்தபோது அண்ணி அண்ணனுடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, அது எந்தப் பக்கம் சுழலும் என்று காலால் தள்ளிச் சோதித்துக்கொண்டிருந்தார். பில் மேசையின் மர நாற்காலி காலியாக இருந்தது. அதைத் தனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"அண்ணி, ஒரு விஷயம்..."

"உட்கார்ந்து சொல்லுங்க முதலாளி" என்று சொல்லிச் சிரித்தார் அண்ணி. அந்தக் கடையில் அவர் சிரித்து இதுவரை பார்த்ததே இல்லை என்பது தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் உட்கார்ந்தார். சொல்லவில்லை.